சர்டிபிகேட்டை வாடகைக்கு விடத்தான் டி.பார்ம் என்றால் வேண்டாம் அக்கா

அக்கா, நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். மகளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, நர்சிங்கில் மனசில்லை, டி.பார்ம் என்ற மருந்தாளுநர் டிப்ளமோவில் சேர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. மார்த்தாண்டத்தில் மெடிக்கல்ஸ் வைத்திருக்கும் சொந்தக்காரர், 'படித்து முடித்ததும் சர்டிபிகேட்டை நம்ம கடையில் வைத்துவிட்டு அவள் பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும், மாசாமாசம் ஒரு தொகை தந்துவிடுகிறேன்' என்கிறாரே, அது சரியா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன். கூடாது. அவர் கோபித்துக்கொண்டாலும் கூடாது.

நம்ம பக்கம் இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். பார்மசிஸ்ட் பெயர் சுவரில் ஃபிரேமுக்குள் தொங்கும், ஆள் வேறெங்கோ இருப்பார், மருந்து எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன். ஆனால் 1948-ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டுக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. முன்பு இதை மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. அந்த ஆயிரத்தை யார் மதிப்பார்கள்? 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் ஜெயிலை மூன்று மாதமாகக் குறைத்து, அபராதத்தை 2 லட்சம் வரை ஏற்றிவிட்டது. அது மருந்து எடுத்துக் கொடுத்தவன் தலையில் விழும் தண்டனை, நம் பிள்ளைக்கென்ன என்று கேட்பீர்கள். லைசென்ஸில் இருப்பது அவள் பெயர், அக்கா. டிரக் இன்ஸ்பெக்டர் வந்து 'பார்மசிஸ்ட் எங்கே' என்று கேட்டால் தேடப்படுவது அவள்தான். முறைகேடு நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க மாநில பார்மசி கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. பெயர் போனால் படித்த படிப்பே போச்சு.

அடுத்த தடவை மருந்துக்கடைக்குப் போகும்போது செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அது ஹெச்1 அட்டவணை மருந்து, அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் கணக்கு எழுத வேண்டிய மருந்து. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிற விதி. சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி, மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். தூக்க மாத்திரை அல்ப்ரஸோலம் கூட இதில்தான் வருகிறது. இல்லாத பார்மசிஸ்ட்டின் பெயரில் இந்த ரிஜிஸ்டர் ஓடினால், உங்கள் மகள் கண்ணால் பார்க்காத மாத்திரைக்கெல்லாம் அவள் பதில் சொல்ல வேண்டிவரும்.

சட்டத்தை விடுங்கள், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நம்ம ஊர்களில் உண்டு. அப்படி ஒருவர் முட்டுவலி என்று வந்து நின்றால் பையன் வலி மாத்திரை டைக்ளோஃபெனாக்கைக் கிழித்துக் கொடுத்துவிடுவான். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்கத்தான் பார்மசிஸ்ட் அங்கே நிற்க வேண்டும். நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதும் பார்மசிஸ்ட்டின் வேலை என்று 2015-ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை ஒழுங்குவிதிகளே சொல்கின்றன. இந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா என்று கேளுங்கள். நாள் முழுக்க நின்று, மனுஷர்களிடம் பேசி, புரியாத கையெழுத்துக்கு டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்கிற வேலை. பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள்.

படிப்பு இரண்டு வருஷம், அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. அதோடு முடியவில்லை: 2022 ஒழுங்குவிதிகளின்படி டி.பார்ம் முடித்தவர்கள் எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும், மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், அதுவும் மூன்றையும் ஒரே தடவையில் சேர்த்துத் தேற வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவு. கல்லூரிக்காரர்கள் அட்மிஷன் நேரத்தில் இதை வாயே திறப்பதில்லை. பட்டப்படிப்பான பி.பார்முக்கு இந்தத் தேர்வு கிடையாது, ஆனால் நாலு வருஷம். பணம் இடித்தால் டி.பார்ம் முடித்துவிட்டு நேரே பி.பார்ம் இரண்டாம் வருஷத்தில் சேர்கிற வழியும் இருக்கிறது; உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் சொல்வது அதுதான். ஆறு வருஷ பார்ம்.டி. இப்போதைக்கு வேண்டாம்.

கல்ஃப் கனவு உங்களுக்கும் இருக்கும், நம்ம மாவட்டத்தில் யாருக்கு இல்லை! அங்கே லைசென்ஸுக்கு அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள், கொடுத்த இடத்துக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். சர்டிபிகேட்டை மட்டும் தொங்கவிட்ட கடை அனுபவம் அங்கே நிற்காது. சொந்தக் கடை என்றால், குறைந்த விலை மருந்துக்கடைகளுக்காகத் தமிழக அரசு 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத் திட்டத்தில் தொழில்முனைவோருக்கு 3 லட்சம் மானியம் உண்டு, டி.பார்ம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பழைய 1948 சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய பார்மசி ஆணைய மசோதா என்று ஒரு வரைவை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. அதைக் காட்டி 'எல்லாம் மாறப்போகிறது' என்று புரோக்கர்கள் அவசரப்படுத்துவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சொந்தக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பதிவானபின் காலை முதல் இரவு வரை அவளைக் கவுண்டரில் நிறுத்தி, பார்மசிஸ்ட் சம்பளம் தருவாரா? தருவார் என்றால் நல்ல இடம்தான். அப்புறம் எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கட்டுமுன் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, இந்த வருஷத்துக்கான அங்கீகாரம் மூன்றையும் பாருங்கள். தேடத் தெரியவில்லை என்றால் கல்லூரி பெயரை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.