பரிசோதனைகள் இயல்பாக இருந்தும் உடல்வலி நீடிப்பதற்கு மன அழுத்தம் காரணமாகுமா?

ஆகும்; ஆனால் அந்த வலி கற்பனையன்று. அச்சமோ கோபமோ எழும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தரும் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்க, இதயத் துடிப்பு விரைவடைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பாதிக்கப்படுகிறது. ஆபத்து நீங்கியதும் அடங்க வேண்டிய இந்த எதிர்வினை, தீராத கவலையால் மாதக்கணக்கில் நீளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கவலையோடு கணினி முன் அமர்ந்திருப்பவர், தம்மையறியாமல் பற்களைக் கடித்தபடி தோள்களைக் காதுவரை உயர்த்தி வைத்திருப்பதைப் பார்த்தாலே, மாலையில் அவருக்கு வரும் தலைவலியும் கழுத்து வலியும் எங்கிருந்து வருகின்றன என்பது ஓரளவு விளங்கிவிடும்.

வலி நாள்பட்டதானால் நரம்பு மண்டலமே மிகையான கூருணர்வு பெற்று, இலேசான அழுத்தத்தையும் குடலின் இயல்பான அசைவையும்கூட வலியாக உணரத் தொடங்கலாம்; அந்த வலி தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை வலியை மேலும் கூட்டுகிறது. சீரான உடற்பயிற்சியும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் முறையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இச்சுழற்சியைத் தளர்த்தப் பலருக்கு உதவுகின்றன.

எனினும், ‘வெறும் டென்ஷன்தான்’ என்று தாமே முடிவு கட்டிக்கொள்வது, என் பார்வையில், மனப்பிரமை என்று ஒதுக்குவதைவிட ஆபத்தானது. காரணமின்றி எடை குறைதல், மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், கை கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரையே அணுக வேண்டும்.