வாழைத்தாரை எத்திலீன் அறையில் பழுக்க வைப்பது என்றால் என்ன?

தூரத்துச் சந்தைக்குப் போகும் வாழையைக் காயாகத்தான் வெட்டுகிறார்கள். பழுத்தபின் வெட்டினால் லாரியிலேயே நசுங்கிவிடும். அந்தக் காயைப் போய்ச் சேர்ந்த ஊரில் குளிரூட்டிய அறையில் அடுக்கி, எத்திலீன் வாயுவைக் கொஞ்சமாக விடுவதுதான் இந்த முறை.

வாழை, மா, தக்காளி எல்லாம் பழுக்கும்போது தாமே வெளியிடும் வாயு அது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான்: நாம் விடுவது ஒரு கரண்டி மோர், தயிராக மாறுவது பால். வாயு பட்டதும் காய் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கி, பிறகு தானே எத்திலீனை விடும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு போதும்; இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பும் அதுவே. அந்தக் காலத்தில் தாரை மூடிப் புகை போட்டார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு.

வியாபாரி உண்மையில் கண்ணாக இருக்க வேண்டியது வெப்பநிலையில். 16–18 டிகிரியில் வைத்தால் நாலைந்து நாளில் சீராக மஞ்சளாகும். 13 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் தோல் மங்கிக் கறுக்கும், அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் நல்ல நிறம் வராது.

இதையும் 'கல் வைத்த பழம்' என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்தக் கல் கால்சியம் கார்பைடு, ஆர்சனிக் கலந்திருக்கக்கூடிய, சட்டம் தடை செய்த வேறு பொருள்.