பதில்: கும்பகோணத்திலிருந்து ஹம்பி போக மாதம் 2,000 நிற்கவே மாட்டேன் என்கிறது
ஹம்பி பயணத்துக்காக மாதம் 2,000 ரூபாய் சேர்க்கப் பார்த்தும் கையில் நிற்பதில்லை என்று செலவுக் கணக்கோடு கேட்டிருந்தீர்கள். சம்பளம் வந்த அன்றே அந்த 2,000-ஐ வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) ஓராண்டுக்குப் போட்டுவிடுங்கள். மாசக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்பது நடக்காது. தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருஷம்; உங்களுக்கு ஒத்துவராது.

வாடகை, மளிகை எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கசிவு ஜிபேயில்தான் என்று படுகிறது. போன மாதக் கணக்கை எடுத்து, நூறு ரூபாய்க்குக் குறைவானதை மட்டும் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டியபோது பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி, டீ, ரீசார்ஜ் என்று 2,300 வந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு 250 ரூபாய் ரொக்கமாகச் சட்டைப் பையில். கடைசி பத்து ரூபாய்த் தாளை எடுக்கும்போது கை தானாகத் தயங்கும். அப்பாவோடு குடிக்கும் காலை டிகிரி காபியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பயணச் செலவிலும் மிச்சம் பிடிக்கலாம். மயிலாடுதுறை வழியாக வரும் மைசூரு எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகவே போகிறது. ஸ்லீப்பரில் பெங்களூரு, அன்று பகல் ஊர் சுற்றல், இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஹம்பிக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஹொசபேட்டை. இரண்டு ராத்திரி ரூம் வாடகை மிச்சம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிக்கெட் பணம் அதற்குள் கையில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம்: தை, வைகாசி, ஆவணியில் மொய்ச் செலவு வரிசையாக வரும். அது நாம் திருப்பித் தர வேண்டிய பணம், அதில் கை வைக்காதீர்கள். அந்த மாதங்களுக்குத் தனியாக ஒதுக்கிவிட்டு, ஆர்.டி.யை மாதம் 1,500-இல் தொடங்கினாலும் பரவாயில்லை.