பம்புக்குள்ளேயே சாமான் வைக்க இடம்: கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் பதினொரு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ப்ரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களுக்கும் போவதுண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் பஞ்சர் ஆனால் பின்னால் வண்டி வந்து தூக்கிக்கொண்டு போகாது, நாமேதான் ரோட்டோரம் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். அதனால் பம்ப் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. உள்ளேயே பஞ்சர் சாமான் வைக்கிற சின்னக் கைப்பம்பைப் பற்றி ஒரு வாரமாகப் பலர் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில்.

அக்கா, பம்புக்குள் காற்றுதானே இருக்கும், சாமானை எங்கே வைப்பார்கள்?

நல்ல சந்தேகம். பம்பை இழுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு தண்டு வருகிறது இல்லையா, அது பல பம்புகளில் வெறும் குழாய்தான். அதன் ஒரு முனையில் பிஸ்டனும் ரப்பர் வளையமும் இருக்கும், காற்று அதற்கு அந்தப் பக்கம்தான் அழுத்தப்படும், தண்டின் உட்புறம் சும்மா காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்துக்கு ஒரு மூடி போட்டால் அதுவே பெட்டி. ஒன்அப் கம்பெனியின் இ.டி.சி. பம்ப் இப்படித்தான், தண்டுக்குள் பல கருவிகள் சேர்ந்த ஒரு முழு மல்டி டூல் உட்கார்ந்துகொள்ளும், ஒரு குத்துக்கு 70 சிசி, 100 சிசி காற்றைத் தள்ளுகிற இரண்டு அளவில் கிடைக்கிறது. இன்னொரு வகையில் தண்டைத் தொடமாட்டார்கள், கைப்பிடியின் நுனியில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி இருக்கும். அதில் நாலு பஞ்சர் ஒட்டு போகும், அவ்வளவுதான்.

என்னுடையது ரோடு பைக், 700x25 ஒல்லி டயர், 90 பிஎஸ்ஐ அழுத்தம் வரை அடிப்பேன். 160 பிஎஸ்ஐ என்று பெட்டியில் போட்டிருக்கும் குண்டுப் பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், உள்ளே நிறைய இடமும் இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் எண் பம்ப் தாங்குகிற அழுத்தம், உங்கள் கை தாங்குவது வேறு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோ. பம்பின் உள்விட்டம் 2 செ.மீ. என்றால் பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கடைசிக் குத்துகளில் 22 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். அதுவே 3 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 50 கிலோ! ஒரு சிமெண்ட் மூட்டையின் எடையைக் கையில் பிடித்த பம்பால் அழுத்துவதாக நினைத்துப் பாருங்கள், 70 பிஎஸ்ஐ தாண்டுவதற்குள் நடுரோட்டில் அழுதுவிடுவீர்கள்.

இங்கேதான் சிக்கல். உள்ளே இடம் வேண்டுமென்றால் தண்டு குண்டாக இருக்க வேண்டும், தண்டு குண்டானால் பம்பும் குண்டாகும். அதனால் நிறைய சாமான் பிடிக்கிற பம்ப் எல்லாம் இயல்பிலேயே மவுண்டன் பைக் ஆட்களுக்கானது. உங்களைப் போன்ற ரோடு பைக்காரர்கள் ஒல்லிப் பம்பாக, கைப்பிடியில் மட்டும் சின்ன இடம் உள்ளதாகப் பாருங்கள். மிச்சத்தைச் சீட்டுக்கு அடியில் பையில் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் 29 இஞ்ச் மவுண்டன் பைக் வைத்திருக்கிற எனக்கு அந்தக் குண்டுப் பம்பே சரியா? எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கும்? டயர் ட்யூப்லெஸ், உள்ளே ட்யூப் கிடையாது.

உங்களுக்குத்தான் அது. 30 பிஎஸ்ஐக்கு 3 செ.மீ. பம்பில் 15 கிலோ அழுத்தம் போதும், வலிக்காது. ஆனால் டயர் பெரிசு. 2.3 இஞ்ச் அகல டயரில் ஐந்தரை லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது, அதைக் காலியிலிருந்து 25 பிஎஸ்ஐக்குக் கொண்டுவர வெளிக்காற்று சுமார் பத்து லிட்டர் உள்ளே போக வேண்டும். 100 சிசி பம்பில் கணக்குப்படியே நூறு குத்து, 50 சிசி பம்பில் இருநூறு. நிஜத்தில் ஹோஸில், அதாவது வால்வுக்குப் போகிற ரப்பர் குழாயில், தங்குவது, கசிவது எல்லாம் சேர்ந்து இன்னும் கூடும். அதனால் வாங்கும்போது பிஎஸ்ஐயை விட்டுவிட்டு சிசி எவ்வளவு என்று கேளுங்கள்.

ட்யூப்லெஸ் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டயர் ரிம்மை விட்டு முழுசாகக் கழன்றுவிட்டால் எந்தச் சின்னப் பம்பும் அதைத் திரும்ப உட்கார வைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை ப்ளக் என்கிற ரப்பர் திரியால் அடைத்துவிட்டுக் குறைந்த காற்றை நிரப்பத்தான் பம்ப். ப்ளக்கும் அதைக் குத்துகிற ஊசியும் நீளமாக, ஒல்லியாக இருப்பதால் தண்டுக்குள் அளந்து வைத்த மாதிரி உட்காரும்.

அம்மா, நான் ஓட்டுவது பழைய ஹெர்குலஸ். இந்தப் புதுப் பம்பெல்லாம் நம்ம வால்வுக்குப் பொருந்துமா?

பொருந்தும் ஐயா, பெரும்பாலும். உங்களுடையது டன்லப் வால்வு, உள்ளே வால்ட்யூப் போடுகிற வகை. ரோடு பைக்கில் வருகிற ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு உள்ள பம்ப் வாயால் அதற்கும் காற்று அடிக்கலாம். மோட்டார் பைக், கார் டயரில் இருக்கிறதே அந்த ஷ்ரேடர் வால்வுக்கான வாய் மட்டும் பெரிசாக இருக்கும், நிற்காது. கடைக்கு சைக்கிளையே தள்ளிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். உங்களுக்கு உள்ளே இடம் உள்ள பம்ப் உண்மையிலேயே உபயோகம், ரெண்டு துண்டு வால்ட்யூப் வெட்டிப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. என் அப்பா வால்ட்யூப்பை சட்டைப் பையில் பீடிக்கட்டோடு வைத்திருப்பார்.

உள்ளே என்னென்ன வைக்கலாம்? நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

என் பம்பில் இப்போது இருப்பது: பசை தேவைப்படாத ஒட்டு ஆறு, ஒரு துண்டு உப்புத்தாள், செயின் அறுந்தால் இணைக்க ஒரு க்விக் லிங்க், நாலாக மடித்த ஒரு பத்து ரூபாய் நோட்டு. நோட்டு டீக்கு இல்லை, டயரே கிழிந்துவிட்டால் ட்யூப் வெளியே பிதுங்காமல் உள்பக்கமாக வைக்க. எல்லாவற்றையும் பழைய பனியன் துணியில் சுற்றித்தான் செருகியிருக்கிறேன், இல்லாவிட்டால் வழி முழுக்கக் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும்.

பசை ட்யூபை உள்ளே வைக்காதீர்கள். ஒரு மே மாதம் வெயிலில் நிறுத்திய சைக்கிளில் என் பசை ட்யூப் கசிந்து, ஒட்டும் உப்புத்தாளும் க்விக் லிங்க்கும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது. குச்சியால் குத்தி எடுக்கவே ஒரு மணி நேரம்.

அதைவிட முக்கியம் மூடி. என் முதல் பம்பில் மூடி வெறும் ரப்பர் தக்கை. ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி பஞ்சர் ஆகி இறங்கிப் பார்க்கிறேன், தக்கையும் இல்லை, உள்ளே இருந்த ஒட்டுகளும் இல்லை, ஏதோ ஒரு வேகத்தடையில் எல்லாம் கொட்டிவிட்டிருக்கிறது. பம்ப் மட்டும் பத்திரமாக இருந்தது, ஓட்டை ட்யூபுக்குக் காற்றடித்து என்ன செய்ய? மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். மரை போட்ட மூடி, உள்ளே ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம், இது இரண்டும் இல்லாத பம்பை இப்போதெல்லாம் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஓ-ரிங் இல்லாவிட்டால் மழைத்தண்ணீரும் வியர்வையும் இறங்கி உள்ளே இருக்கிற இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்.

ஹோஸ் வைத்த பம்பா, நேராக வால்வில் மாட்டுகிற பம்பா?

ஹோஸ். நேராக மாட்டுவதில் நாம் குத்துகிற குத்தெல்லாம் வால்வின் மேல் போய் விழும், பிரெஸ்டா வால்வின் ஒல்லிக் கழுத்து வளையும், சில சமயம் ட்யூபோடு பிய்ந்தும் வரும். ஹோஸிலும் ஒரு தொல்லை உண்டு, திருகி மாட்டுகிற வகையைக் கழற்றும்போது வால்வின் உள்கட்டையும் சேர்த்துத் திருகிக் கொண்டுவந்துவிடும், அடித்த காற்று மொத்தமும் புஸ். கிளம்பும் முன் வீட்டிலேயே அந்த உள்கட்டையை இறுக்கி வைத்துவிடுங்கள். ஹோஸும் தண்டுக்குள்தான் மடங்கி உட்காரும் என்றால் பாருங்கள், அங்கே சாமானுக்கு இடம் இருக்காது, விளம்பரப் படத்தில் இதைக் காட்டமாட்டார்கள்.

இப்போதுதான் உள்ளங்கை அளவு மின்சாரப் பம்ப் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு மேடம்?

என்னிடமும் ஒன்று இருக்கிறது, காலையில் கிளம்பும் முன் காற்று சரிபார்க்க அருமை. ஆனால் ஒரு சார்ஜில் சில டயர்கள்தான். மூன்றாவது பஞ்சரில் அது படுத்துவிட்டால் இரவு இரண்டு மணிக்கு எங்கே சார்ஜ் போடுவது? ப்ரெவேக்குக் கைப்பம்ப்தான் கொண்டுபோகிறேன். உங்கள் ஓட்டம் ஊருக்குள் இருபது கிலோமீட்டர் என்றால் மின்சாரப் பம்பே போதும்.

என் புல்லட்டுக்கு இதில் காற்று அடிக்கலாமா அண்ணா?

அண்ணா இல்லை, அக்கா. ஷ்ரேடர் வாய் இருந்தால் அடிக்கலாம், கை கழன்றுவிடும். கால் பம்ப் வாங்குங்கள் தம்பி.

ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன் அக்கா, நாளைக்கு வருகிறது. நல்ல பம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டயரில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வைக்கப்போகிற சாமானையெல்லாம் உள்ளே போட்டு மூடி, அந்தப் பம்பாலேயே நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற அழுத்தம் வரை அடியுங்கள். எத்தனை குத்து என்று எண்ணுங்கள், பாதியில் மூடி தளர்கிறதா, சாமான் உள்ளே ஆடுகிறதா என்று பாருங்கள். நடுவில் பம்ப் சூடாகும், பயப்பட வேண்டாம், காற்றை அழுத்தினால் அப்படித்தான். கடைசியில் ஒரு நல்ல கேஜ் வைத்து அளந்துவிடுங்கள், சின்னப் பம்பில் இருக்கும் கேஜை நான் நம்புவதில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.