வீட்டை விற்கும்போது எதையெல்லாம் கழற்றி எடுத்துப் போகலாம்?

ஸ்க்ரூவைத் திருகினால் கையோடு வந்துவிடும் என்பதற்காக ஒரு பொருள் உங்களுடையதாகிவிடாது. எவ்வளவு உறுதியாகப் பொருத்தியிருக்கிறது, எதற்காகப் பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். குழாய், வாஷ்பேசின், கதவுப் பூட்டு எல்லாம் வீட்டைச் சேர்ந்தவை. கட்டில், ஃப்ரிட்ஜ், ஆணியில் தொங்கும் படம் உங்களுடையவை.

சண்டை வருவது இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில்தான்: ஏசி, கீசர், மின்விசிறி, அலங்கார விளக்கு, டிவி மாட்டிய ஸ்டாண்ட். வீடு பார்க்க வந்தபோது கண்ணில் பட்டதெல்லாம் சேர்ந்தே வருகிறது என்றுதான் வாங்குபவர் நினைப்பார், அதில் தப்பும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய விளக்கை விட மனமில்லையா? வீட்டைக் காட்டும் முன்பே கழற்றிவிட்டு, அங்கே சாதாரண விளக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு மாற்றுவது ஏமாற்று வேலை.

மற்றவற்றை அறைவாரியாகப் பட்டியல் போட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். வெறுமனே ‘ஏசி’ என்று எழுதினால் போதாது. எந்த அறை, என்ன மாடல், ஸ்டெபிலைசரும் ரிமோட்டும் சேர்த்தியா என்பது வரை இருக்கட்டும்.

திரைச்சீலைக் கம்பியை என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். புது வீட்டு ஜன்னலுக்கு அளவு பொருந்துவது அபூர்வம். அப்புறம், எதை எடுத்தாலும் சுவர் ஓட்டையை அடைத்துவிடுங்கள். மின் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாதுகாப்பாக மூடுங்கள்.