பாட்டை வெட்டி ஒட்டுவது எப்படி: கேள்வி பதில்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். நான் புழங்கும் ஒலித்தொகுப்பு மென்பொருள் பெரும்பாலும் ரீப்பர், அவசரத்துக்கு ஆடாசிட்டி.

கேள்வி: அண்ணா, இரண்டு டேக்கை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கிறது. மைக் கோளாறா?

மைக் பாவம், அதை விடுங்கள். ஒரு துண்டு அலையின் உச்சியில் முடிந்து அடுத்தது பள்ளத்தில் தொடங்கினால் ஸ்பீக்கர் ஒரே தாவாகத் தாவ வேண்டும், அந்தத் தாவல்தான் டிக். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். ஆடாசிட்டியில் தேர்வு செய்துவிட்டு கீபோர்டில் இசட் (Z) தட்டினால் அதுவே அங்கே நகர்த்திவிடும். அப்படியும் கேட்டால் 5 முதல் 10 மில்லிசெகண்டுக்கு கிராஸ்ஃபேட் (முதல் துண்டு தேயத் தேய அடுத்தது வளரும்படி கலப்பது) போடுங்கள்.

ஆனால் அதைவிட முக்கியம், எந்த எழுத்தில் வெட்டுகிறீர்கள் என்பது. 'பட்டு' என்று பாடிய இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், 'ட்டு' வெடிப்பதற்கு முன் அலை கிட்டத்தட்டப் படுத்துவிடும். இரட்டித்த வல்லினம் வரும் இடமெல்லாம் இப்படி ஒரு மௌனம் இலவசமாகக் கிடைக்கிறது, அங்கே கத்தி வைத்தால் யாருக்கும் தெரியாது. நீட்டிப் பாடிய 'ஆ'வின் நடுவில் வைத்தால் எந்த ஃபேடும் முழுதாகக் காப்பாற்றாது.

கேள்வி: நண்பர் அனுப்பிய குரலை உள்ளே போட்டதும் சுருதி இறங்கி இழுக்கிறது.

அவர் 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) பதிந்ததை உங்கள் பக்கம் 44.1 என்று நினைத்து ஓட்டுகிறது. சுருதி ஒன்றரை ஸெமிடோன் போல இறங்கும், நாலு நிமிடப் பாட்டு 21 விநாடி நீளும். கணக்கு இப்படிச் சரியாகப் பொருந்தினால் வேறு காரணம் தேட வேண்டாம். தயவுசெய்து சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் ஷிஃப்ட் போட்டுச் சரிசெய்யாதீர்கள், டிராக்கின் ரேட்டை 48,000 என்று மாற்றினால் போதும்.

கேள்வி: கர்நாடக சங்கீதப் பதிவுக்கு, சுருதியைத் தானே திருத்தும் ஆட்டோடியூன் போடலாமா சார்?

போடலாம், ஆனால் எங்கே என்று பார்த்து. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் அதில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆட்டுகிறார், அந்த அசைவுதான் கமகம். கருவிக்கு அது தடுமாற்றமாகத்தான் தெரியும், வேகமான செட்டிங்கில் விட்டால் ஆட்டத்தைப் படிப்படியாக நறுக்கி வைத்துவிடும், அப்புறம் தோடி எங்கே இருக்கும்? (1997இல் ஆட்டோடியூனை உருவாக்கியவர் எண்ணெய் தேடும் தொழிலில் இருந்த புவி இயற்பியலாளர், கமகம் அவர் கவலை இல்லை.) நான் சுருதி திருத்தும் இன்னொரு மென்பொருளான மெலோடைனில் கையால்தான் செய்வேன். நீண்டு நிற்கும் சட்ஜமமோ பஞ்சமமோ பிசகியிருந்தால் அந்தத் துண்டை மட்டும், அதற்குள் இருக்கும் அசைவைத் தொடாமல், மேலேயோ கீழேயோ நகர்த்துவேன். கமகம் பிசகினால் திரும்பப் பாடச் சொல்வேன்.

கேள்வி: பின்னால் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல்.

அது மின்சாரத்தின் ரீங்காரமாக இருக்கலாம், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50, 100, 150இல் மெல்லிய நாட்ச் (அந்த அலைவெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) வையுங்கள். மின்விசிறிக் காற்றென்றால் யாரும் பாடாத இரண்டு விநாடியை மாதிரி கொடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் செய்யலாம், கொஞ்சமாக. அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வரும். ஒருமுறை நான் அதிகமாகப் போட்டு மூலக் கோப்பின் மேலேயே சேமித்துத் தொலைத்தேன், பாடியவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். நகல் எடுத்துக்கொண்டு கை வையுங்கள்.

கேள்வி: மூச்சுச் சத்தத்தை முழுதும் நீக்கலாமா?

வேண்டாம். 6 டெசிபல் குறையுங்கள், போதும். முழுதும் எடுத்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

கேள்வி: எந்த மென்பொருள் வாங்குவது?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்குங்கள், முதல் கேள்வியில் வந்த டிக்கை லேப்டாப் ஸ்பீக்கர் பல நேரம் காட்டிக்கொடுக்காது.