நிலவளமும் நோபல் பதக்கமும்

அன்புள்ள ஐயா,

க.நா.சு. மொழிபெயர்த்த, நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ நாவலை அண்மையில் வாசித்தேன். காட்டைத் திருத்தி வயலாக்கும் ஐசக்கைப் பார்க்கையில் என் தாத்தா நினைவுக்கு வந்தார். ஹாம்சன் ஹிட்லரை ஆதரித்தவர் என்பது பிறகே தெரிந்தது. முதுமையில் புத்தி தடுமாறிச் செய்த பிழை என்கிறார் நண்பர் ஒருவர். அப்படிக் கொள்ளலாமா?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

அந்தச் சமாதானம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மனநல மருத்துவர்கள் ஹாம்சனின் மனத்திறன் நிரந்தரமாகக் குன்றியிருப்பதாக அறிக்கை அளித்தார்கள். தேசத்துரோகக் குற்ற வழக்கு கைவிடப்பட்டு, பெருந்தொகை ஒன்று மட்டும் தண்டமாக விதிக்கப்பட்டது. ஆனால் காவலில் கழிந்த நாட்களைப் பற்றி 1949இல், தொண்ணூறு வயதில், அவர் வெளியிட்ட நூலில் குன்றிய மனத்தின் சுவடே இல்லை. வருத்தமும் இல்லை.

1935இலேயே, நாஜி வதைமுகாமில் கிடந்த இதழாளர் ஒசியட்ஸ்கியை அவர் பத்திரிகையில் ஏளனம் செய்தார். 1940இல் ஜெர்மானியப் படை நார்வேக்குள் புகுந்தபோது, துப்பாக்கியை எறிந்துவிட்டு வீடு திரும்புமாறு தன் நாட்டவர்க்கு எழுதினார். ‘நிலவள’த்துக்காக 1920இல் பெற்ற நோபல் பதக்கத்தை 1943இல் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஹிட்லரை நேரில் சந்தித்து, நார்வேயை ஆண்டுவந்த ஜெர்மானிய ஆணையரை நீக்கும்படி வாதாடி, ஹிட்லரின் சினத்துக்கும் ஆளானார். அப்படியும் 1945 மே 7 அன்று ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதினார். ராஜா நல்லவர், அதிகாரிகள்தான் கெட்டவர்கள் என்ற நம்பிக்கை நமக்கும் பழக்கமானதுதானே.

சங்கடமான விஷயம் வேறொன்று. அவருடைய அரசியலின் விதை நாவலுக்குள்ளேயே கிடக்கிறது. மண்ணில் உழைப்பவன் தூயவன். நகரமும் வணிகமும் மனிதனைக் கெடுப்பவை. நகரத்துக்குப் போன மூத்த மகன் எதற்கும் உதவாதவனாகிறான். அதோடு, கதை நிகழும் பகுதியின் பூர்வகுடிகளான ‘சாமி’ என்ற இனத்து மக்களை வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் பதுங்கும் புழுக்களுக்கு ஒப்பிடும் வரி ஒன்றும் மூலத்தில் உண்டு. நாவலின் அழகில் லயித்துப் படிக்கும் எவரும் அந்த வரியை எளிதில் கடந்துவிடுவார்கள். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் கடந்தேன்.

ஆனாலும் நாவலை அந்த ஒரு வரிக்குள் அடக்கிவிட எனக்கு மனமில்லை. ஐசக்கின் மனைவி இங்கர் பிளவுபட்ட உதட்டோடு பிறந்தவள். அதே உதட்டோடு பிறந்த தன் பெண்குழந்தையை, தான் பட்ட அவமானத்தை அதுவும் படக்கூடாதென்று, பிறந்தவுடனே கொன்றுவிடுகிறாள். நாவல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1915இல், சிசுவைக் கொல்லும் பெற்றோரைத் தூக்கிலிட வேண்டும் என்று பத்திரிகையில் முழங்கியவர் இதே ஹாம்சன். கதையிலோ இங்கருக்குக் கயிறு இல்லை. சிறைக்குப் போகிறாள், அங்கே தையல் கற்றுக்கொள்கிறாள், அறுவை சிகிச்சையில் உதடு சீராகிறது. அவளை அழைத்துவர ஐசக் புறப்பட்டுப் போகிறான். கட்டுரையில் தீர்ப்பு வழங்கியவரால் நாவலுக்குள் அதே தீர்ப்பைச் சொல்ல முடியவில்லை. உங்கள் தாத்தாவை நினைவூட்டிய ஐசக்கை எழுதிய கை பதக்கத்தைப் பொட்டலம் கட்டிய கைதான். இரண்டில் எதையும் நான் மன்னிப்பாகவோ தண்டனையாகவோ மற்றதன்மேல் வைக்கவில்லை.